ஐம்பதா, இருபத்தெட்டா?

ஃபிலிம் ரோல்களைப் போட ஒரு பை வேண்டும் என்று நம் பழைய கேமராப் பையைத் தலைகீழாகப் பிடித்து உதறினேன். ஓர் அரிசி விழுந்தது.

மூக்கை உள்ளே விட்டுப் பார்த்தேன். அந்த நெடி இன்னும் போகவில்லை. டப்பாவில் வெகுநாள் கிடந்து தவிட்டு வாடை ஏறிய புழுங்கல் அரிசி, அதன் மேல் ரெக்ஸின் வாடை, அதற்கும் மேல் நம் அறைச் சுவரின் ஈர வாடை. கையில் பையை வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அம்மா அடுப்படியிலிருந்து, "இன்னும் பெட்டி கட்டி முடியலையாடா?" என்று கேட்டாள். முடியவில்லை. துணி, சான்றிதழ், பாஸ்போர்ட் எல்லாம் அரை மணி நேர வேலை. எந்த கேமராவை எடுத்துப் போவது என்ற ஒன்றில்தான் ஒரு மாதமாகத் தடுமாறிக்கொண்டிருந்தேன்.

நாளை மறுநாள் பாபநாசத்திலிருந்து கிளம்புகிறேன். மஸ்கட். நீ இருந்த அதே கம்பெனி, நீ பார்த்த அதே வேலை. உன் இடம் காலியானதால் எனக்கு வந்ததா, இல்லை தனியாக வந்ததா என்று நான் யாரையும் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொண்டு என்ன செய்யப்போகிறேன்?

எனக்குச் சுற்றிவளைத்து எழுத வராது. நீ இருந்தால் ஐ.எஸ்.டி. பூத்துக்குப் போய் மீட்டரைப் பார்த்துக்கொண்டே திட்டியிருப்பேன். இப்போது மீட்டர் ஓடாது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் இந்த அரிசி.

பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷம், ஸ்டுடியோவை மூடிய ஒருவரிடமிருந்து ஆளுக்குப் பாதி போட்டு அந்தப் பழைய எஸ்.எல்.ஆர். கேமராவை வாங்கினோம். இரும்புக்கட்டி மாதிரி கனம். அதோடு வந்தது ஒரே லென்ஸ், ஐம்பது மில்லிமீட்டர். ஐப்பசி பிறந்ததும் அடைமழை. நம் அறைச் சுவரில் கை வைத்தால் ஈரம் ஒட்டும், போட்ட சட்டை மூன்று நாளானாலும் காயாது. லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்தால் தொலைந்தது என்று நான் பயந்துகொண்டிருந்தேன். நீ கேமராவை ஒரு துணியில் சுற்றி, சமையல் மூலையில் இருந்த அரிசி டப்பாவுக்குள் புதைத்துவிட்டாய்.

"என்னடா பண்ற?"

"எங்க அம்மா உப்பு டப்பால நாலு அரிசி போட்டு வைப்பாங்க மாப்ள. உப்பு கசியாது. அதே லாஜிக்தான்."

"உப்புக்குள்ள அரிசியப் போடுறது வேற. அரிசிக்குள்ள லென்ஸைப் போடுறது வேற."

"இன்ஸ்ட்ருமென்டேஷன் படிக்கிறவன் பேசுற பேச்சா இது? ஈரம் எங்க இருந்தாலும் ஈரம்தான்டா."

மழைக்காலம் முழுக்க அது அங்கேயே கிடந்தது. சோறு வடிக்க அரிசி அளக்கும்போதெல்லாம் கேமராவை ஒதுக்கிவிட்டுத்தான் அளந்தோம். தை மாதம் வெளியே எடுத்தோம். பூஞ்சை இல்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பினால் கரகரவென்று சத்தம். தவிட்டுத்தூள் துணியைத் தாண்டி வளையத்தின் திருகு மரைக்குள் ஏறிவிட்டது. தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கேமரா ரிப்பேர் பார்க்கும் அண்ணன் அதைக் கழற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டாரே, நினைவிருக்கிறதா?

"என்னங்க தம்பி, இது லென்ஸா, அரவை மில்லா?"

சிரித்துச் சிரித்து உனக்குப் புரையேறிவிட்டது. அவர் சுத்தம் செய்தும் முழுசாகப் போகவில்லை. எட்ட இருப்பதைப் பார்க்கும்போது சும்மா இருக்கும், ஆளுக்குக் கிட்டப் போய்த் திருப்பினால் கரகரக்கும். நம் ஊர்க்காரனைத் தவிர உலகத்தில் வேறு எவனும் இந்த வேலையைச் செய்திருக்கமாட்டான்.

அந்த ஐம்பதை வைத்து நீயும் நானும் போட்ட சண்டை கொஞ்சமா? எண் குறையக் குறைய லென்ஸின் பார்வை அகலும். இருபத்தெட்டு என்றால் ஒரு அறையின் மூலையில் நின்று அறை முழுக்க எடுத்துவிடலாம். ஐம்பது என்றால் ஓர் ஆள், ஒரு ஜன்னல், அவ்வளவுதான். எனக்கு இருபத்தெட்டு வேண்டும். நீ ஐம்பதே போதும் என்பாய். வலங்கைமான் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் நெல் காயும் களத்தை எடுக்கப் போனோம். களம் முழுக்க நெல், ஓரத்தில் லாரி, டிரைவர் பல் தேய்த்துக்கொண்டிருக்கிறார், ஒரு நாய் நெல்லின் மேலேயே நடந்துபோகிறது. எல்லாம் வர வேண்டும் என்று நான் பின்னால் நகர்ந்து நகர்ந்து வாய்க்காலில் கால் வைத்துவிட்டேன். நீ நேராக முன்னால் போய் மூட்டை தூக்குபவரின் முதுகை மட்டும் எடுத்துவிட்டு வந்தாய்.

"உனக்கு எல்லாம் வேணும், கல்யாண வீட்டு வீடியோக்காரன் மாதிரி" என்றாய்.

"உனக்கு எதுவுமே வேண்டாம், கதவைச் சாத்திட்டு சாவித் துவாரத்துல பாக்குறவன் மாதிரி" என்றேன்.

"வேண்டாததை வெளிய தள்ளுடா மாப்ள. போட்டோன்னா அவ்வளவுதான்."

இதை நீ எத்தனை தடவை சொல்லியிருப்பாய் என்று கணக்கில்லை. உன் படம் என் படத்தைவிட நன்றாக இருந்தது. அப்போது சொல்லவில்லை.

பிறகு நீ முதலில் மஸ்கட் போனாய். கேமராவை என்னிடம் விட்டுவிட்டு, "அங்க போய் நல்லதா ஒண்ணு வாங்கிக்கிறேன்" என்றாய். வாங்கவே இல்லை. அறையில் யாரிடமோ இருந்ததை இரவல் வாங்கி, யாரையோ எடுக்கச் சொல்லி, ஊருக்கு லீவில் வருகிறவர்களிடம் உன் அம்மாவுக்குப் படம் கொடுத்தனுப்பினாய். நாகூர்ப் பக்கம் வேலையாகப் போகும்போதெல்லாம் உங்கள் குப்பத்துக்கு எட்டிப் பார்ப்பேன். அம்மா அந்த ஆல்பத்தை எடுத்து வைத்துக் காட்டுவார்கள். வெள்ளைக் காரில் சாய்ந்துகொண்டு நீ. தண்ணீர் பீச்சும் தொட்டி முன்னால் கறுப்புக் கண்ணாடியோடு நீ. பெரிய கடையின் கண்ணாடிக் கதவு முன்னால் நீ. எல்லாப் படத்திலும் சட்டை வேறு, கண்ணாடி அதே கண்ணாடி.

எனக்கு எரிச்சல். போனில் கேட்டேன்.

"யாருடா அந்தக் கார்க்காரன்? வந்து அடிக்கலையா?"

"கார் பக்கத்துல நிக்கக்கூடாதுன்னு இங்க சட்டம் ஒண்ணும் இல்ல மாப்ள."

"உன் ரூமை எடுத்து அனுப்புடா."

"எதுக்கு? வேண்டாததை வெளிய தள்ளுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல."

"அங்க என்னதான் இருக்கு?"

"கட்டிலு. கட்டிலுக்கு மேல கட்டிலு. பன்னெண்டு பேரு. ஒரு ஏசி, அது எங்களைவிட அதிகமா மூச்சு வாங்குது." சிரித்தாய். அப்புறம் குரல் மாறிவிட்டது. "அம்மாகிட்ட போய் எதையாவது உளறிட்டு வந்துடாத. சரியா?"

சரி என்றேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எழுதப்போவதில்லை. தூக்கத்திலேயே போய்விட்டாய் என்று கம்பெனியிலிருந்து சொன்னார்கள். பெட்டி வந்தது. பெட்டியோடு உன்னைத் தெரிந்தவன் ஒருவன்கூட வரவில்லை. அவ்வளவு போதும்.

எனக்கு விசா வந்த விவரத்தை உன் அம்மாவிடம் சொல்லப் போனேன். நாகூர் மார்க்கெட்டில் மீன் விற்றுவிட்டு அப்போதுதான் வந்திருந்தார்கள். அலுமினியக் கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். மஸ்கட் என்றதும் எழுந்துவிட்டார்கள். உள்ளே போய் ஆல்பத்தை எடுத்து வந்தார்கள். தண்ணீர் பீச்சும் தொட்டிப் படத்தில் விரலை வைத்தார்கள்.

"இது அவன் ரூமுக்கு வெளியதான்னு சொன்னான். நீ போறீல்ல தம்பி, எல்லாத்தையும் போட்டா புடிச்சுட்டு வந்து குடு. அவன் படுத்த கட்டிலு. டீ குடிச்ச கடை. வேலைக்குப் போன வழி. இந்தத் தொட்டி. எம்புள்ள அன்னாடம் எதைப் பாத்தானோ அதை நானும் ஒரு தடவ பாத்துடணும். வேற ஒண்ணும் வேணாம்."

"சரிங்கம்மா" என்றேன்.

பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. உனக்கு ஒரு சரி சொல்லியிருக்கிறேன். இப்போது அம்மாவுக்கும் ஒரு சரி சொல்லிவிட்டேன். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. ஒரே குழாயில் ஒரு மீட்டர் நூறு டிகிரியும் இன்னொரு மீட்டர் ஐம்பதும் காட்டினால் எதையாவது ஒன்றைக் கழற்றி எறிந்துவிடலாம். இதில் எதைக் கழற்றுவது?

அதனால் எனக்குத் தெரிந்த வேலையைப் பார்த்தேன். கேமராவைத் தேர்வு செய்ய உட்கார்ந்தேன்.

அங்கிருந்து லீவில் வந்திருந்த ஒருவரைக் கும்பகோணத்தில் போய்ப் பார்த்தேன். "பெரிய கேமராவோட போனீங்கன்னா கம்பெனி கேட்லயே வாங்கி வெச்சுக்குவான். வேலைய விட்டுப் போறப்பதான் திருப்பிக் குடுப்பான்" என்றார். "சின்னதா இருந்தா?" "ஜோப்புல அடங்குனா எவனும் கேக்க மாட்டான். ஆனா சைட்டுக்குள்ள மட்டும் எடுத்துடாதீங்க, அன்னைக்கே ஊருக்கு ஃபிளைட்டு."

தஞ்சாவூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து படித்தேன். ஒரு பக்கம் திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். எடை, லென்ஸ், பேட்டரி என்று எல்லாவற்றையும் ஒப்பிட்டேன். நம் கேமரா கைப்பையில் ஒரு கிலோவைத் தின்றுவிடும். விமானத்தில் கையில் ஏழு கிலோதான். பிளாஸ்டிக்கில் வரும் புது எஸ்.எல்.ஆர். எடை பாதிதான், ஆனால் லென்ஸைப் போட்டால் முன்னால் மூக்கு நீண்டுவிடும், கேட்டில் மாட்டும். ஜூம் வைத்த சின்னக் கேமராக்கள் பையில் அடங்கும். ஆனால் அவற்றின் லென்ஸுக்கு வெளிச்சம் நிறைய வேண்டும். ட்யூப்லைட் எரியும் அறையில் ஃபிளாஷ் அடித்தே தீரும். ஃபிளாஷ் அடித்தால் கட்டில் வெள்ளையாகவும் மற்றதெல்லாம் கறுப்பாகவும் வரும், போலீஸ் எடுத்த படம் மாதிரி. அந்தப் படத்தை அம்மாவிடம் கொடுக்க முடியாது.

பழைய பஸ் ஸ்டாண்டு அண்ணனிடமே போனேன். நீ இல்லாத விவரம் அவருக்குத் தெரியும். ஆனாலும் கேலியை விடவில்லை, அதற்காக அவருக்கு நன்றி.

"தம்பி, கல்யாணத்துக்கு எடுக்கப் போறீங்களா, களவா எடுக்கப் போறீங்களா? அதைச் சொல்லுங்க முதல்ல."

"ரெண்டுக்கும் நடுவுலண்ணே."

கண்ணாடிப் பெட்டிக்கு அடியிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தார். சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு, தட்டை. மாற்ற முடியாத ஒரே லென்ஸ். நானூறு ஸ்பீடு ரோல் போட்டால் ட்யூப்லைட் வெளிச்சத்திலேயே, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஃபிளாஷ் இல்லாமல் எடுத்துவிடலாம். மூடினால் லென்ஸ் உள்ளே போய்விடும். சட்டைப் பையில் போட்டுக் குனிந்தேன், விழவில்லை. பக்கத்து மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். கால் கிலோகூட இல்லை. கடைக்காரர், "என்ன தம்பி, பொட்டலம் கட்டவா?" என்றார்.

"லென்ஸ் என்னண்ணே?" தெரிந்துகொண்டே கேட்டேன்.

"இருபத்தெட்டு. நீங்க அன்னைலேருந்து இருபத்தெட்டு இருபத்தெட்டுன்னு உயிரை எடுத்தீங்களே. அவரு ஐம்பதுன்னு நின்னாரு."

எல்லா விதத்திலும் சரியான கேமரா. எடை, அளவு, வெளிச்சம், கேட், எதிலும் குறை சொல்ல முடியாது. அதுதான் பயமாக இருந்தது. பத்தடி அறையில் இருபத்தெட்டை வைத்து உன் கட்டிலை எடுத்தால் உன் கட்டில் மட்டும் வராது. எவ்வளவு கிட்டப் போனாலும் ஓரங்கள் சேர்ந்து வரும். மேல் கட்டிலின் கால், அதில் தொங்கும் துண்டு, எதிர்க் கட்டில், கயிற்றில் காயும் ஜட்டி, மூச்சு வாங்கும் ஏசி, எல்லாம் வரும். நீ ஒவ்வொரு படத்திலும் பாடுபட்டு வெளியே தள்ளியதையெல்லாம் நான் ஒரே சொடுக்கில் உள்ளே இழுத்துவந்து உன் அம்மா கையில் கொடுக்க வேண்டும்.

நம் பழைய ஐம்பதை எடுத்துப் போனால் அந்த வம்பு இல்லை. சுவரோடு சுவராக ஒட்டி நின்றால்கூட ஒரு தலையணையும் ஒரு போர்வையும்தான் விழும். அழகாகவும் இருக்கும். நீ எடுத்த மாதிரியே இருக்கும். ஆனால் அது கேட்டைத் தாண்டாது.

அண்ணனிடம் சின்னதை வாங்கிக்கொண்டேன். ஆனாலும் பெரிசையும் பெட்டியில் வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன். சின்னதற்கு லித்தியம் பேட்டரி வேண்டுமே, அங்கே கிடைக்குமா? விமான நிலைய எக்ஸ்ரேயில் ரோல் புகைமூட்டமாகிக் கெட்டுவிடாதா? வெயிலில் ரப்பர் இளகிவிடாதா? இப்படி ஒவ்வொன்றாக எடுத்துக் கவலைப்பட்டேன். பேட்டரி ஒரு சாக்கு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. உன் கட்டிலில் இப்போது எவன் படுத்திருக்கிறான்? இதுதான் அடியில் இருந்த கேள்வி. அதற்கும் அடியில் இன்னொன்று. எனக்கு அந்த அறையையே கொடுத்தால்? அந்தக் கட்டிலையே கொடுத்தால்?

போன ஞாயிற்றுக்கிழமை இரண்டு கேமராவையும் தூக்கிக்கொண்டு குப்பத்துக்குப் போனேன். சின்ன அறையில் சின்னக் கேமரா எப்படி எடுக்கிறது என்று ஒரு ரோல் போட்டுப் பார்க்க வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னேன். விடைபெறப் போனேன் என்பது அவர்களுக்கே தெரியும். மாதா கோயில் பூசைக்குப் போகாமல் கிளம்பிவிட்டேன் என்று என் அம்மா இன்னும் முணுமுணுத்துக்கொண்டிருக்கிறாள்.

வீட்டுக்குள்ளேயே நின்று எடுத்தேன். அம்மாவை நடுவில் உட்காரவைத்து நாலைந்து. நாகப்பட்டினம் போய் ஒரு மணி நேரத்தில் கழுவித் தரும் லேபில் கொடுத்து, வாங்கிக்கொண்டு சாயங்காலத்துக்குள் திரும்பினேன். அம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்கள். வெடித்த சுவர், கூரையில் நீலத் தார்ப்பாய், மூலையில் வலைக் குவியல், அரிசி டிரம், அதன் மேல் தலைகீழாய்க் கவிழ்த்த சொம்பு, நடுவில் அம்மா, வாசலில் எட்டிப் பார்க்கும் பக்கத்து வீட்டு அக்கா.

"யப்பா! ஒண்ணு பாக்கி இல்லியே. வெளக்கமாறுகூட வந்துருக்கு."

பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து பார்த்தார்கள். "நானுமா? சொல்லியிருந்தா தலைய சீவிட்டு வந்திருப்பேன்ல. எடுக்குறவரு சொல்லிட்டு எடுக்க மாட்டாரா?"

அம்மா சிரித்துக்கொண்டே ஆல்பத்தின் கடைசிப் பக்கத்திலிருந்து ஒரு படத்தை உருவினார்கள். நான் பார்த்திராத படம். நீ கிளம்புவதற்கு முன்னால் நம் ஐம்பதில் எடுத்தது. பச்சைப் பெயின்ட் அடித்த சுவர், பூப்போட்ட இரும்பு கேட், அதன் முன்னால் பட்டுப்புடவையில் அம்மா.

"இது யாரு வீட்டுச் செவுரு தெரியுதா?"

பக்கத்து வீட்டு அக்கா, "எங்க வீடு. எங்க வீட்டுக்காரரு சிங்கப்பூர்ல இருக்காரே, அவரு கட்டுனது" என்றார்கள்.

"நான்தான் சொன்னேன். அங்க நாலு பேரு பாப்பானுவ, நல்ல செவுத்துல நிக்கிறேன்டான்னு. அவனும் அவ செவுரு மட்டும் தெரியற மாதிரி எடுத்துக்கிட்டான்." படத்தைத் திரும்ப உள்ளே செருகினார்கள். "நான் இங்க அடுத்தவ செவுத்துல நின்னேன். எம்புள்ள அங்க அடுத்தவன் காருல சாஞ்சான். ரெண்டு பேருக்கும் தெரியும். ஒருத்தர ஒருத்தரு கேட்டுக்கல."

"அந்தத் தண்ணித் தொட்டி..." என்று ஆரம்பித்தேன்.

"அது ரூமுக்கு வெளிய இல்ல. அதானே? ரூமுக்கு வெளிய தொட்டி வெச்சிருக்குறவன் ஏன் ஒரே ஒரு போட்டா புடிக்கிறான்? இருந்தாலும் எம்புள்ள நின்ன எடம்ல. அதையும் எடு."

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. உனக்குச் சொன்ன சரியை அங்கேயே உடைத்தேன். எனக்குத் தெரிந்த ஒரே விதத்தில், பட்டென்று.

"ரூமு சின்னதும்மா. கட்டிலுக்கு மேல கட்டிலு. ஒரே ரூம்ல பன்னெண்டு பேரு. நான் எடுத்தா அதெல்லாம் வரும்மா. மறைக்க முடியாது."

அழப்போகிறார்கள் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டு அக்கா என்னை முறைத்தார்கள். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பன்னெண்டு பேரா?"

"ஆமாம்மா."

"அவனுக்கு மேல ஒருத்தன் படுத்திருந்தானா?"

"படுத்திருப்பாங்கம்மா."

"பக்கத்துல?"

"கைய நீட்டுனா படுற தூரத்துல."

அம்மா ஆல்பத்தைத் திறந்து முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகத் திருப்பினார்கள். கார், தொட்டி, கடை. "இதுல பாரு. இதுல பாரு. எல்லாத்துலயும் ஒண்டியா நிக்கிறான். ஒரு ஆளு, ஒரு தல, ஒண்ணு கெடையாது. எம்புள்ள அங்க ஒருத்தரும் இல்லாம இருந்தான், அப்படியே ஒருத்தரும் இல்லாம கெடந்து போயிட்டான்னுல்ல நெனச்சுக்கிட்டிருக்கேன் இத்தன நாளா. இதை யாருமே எனக்குச் சொல்லலியேப்பா."

அம்மா ஆல்பத்தை மூடினார்கள்.

"நீ அவன் கட்டில மட்டும் எடுத்துட்டு வந்துடாத. மேல படுத்தவன், பக்கத்துல படுத்தவன், எல்லாரையும் உக்கார வெச்சு எடு. எல்லாரும் வரணும். ஒருத்தரும் விட்டுப் போகக்கூடாது."

வேண்டாததை வெளியே தள்ளு என்பாயே. நீ தள்ளியது அந்தப் பதினோரு பேரை. உன் மேல் கோபம் வந்தது. அந்த நேரத்திலும் கோபம்தான் வந்தது, என்ன செய்ய.

எனக்குக் கொடுக்க ஒரு பொட்டலம் கருவாடு கட்டிவைத்திருந்தார்கள். அதைக் கையில் எடுத்து எடை பார்த்துவிட்டு, "பன்னெண்டு பேருக்கு இது எங்க காணும்?" என்று உள்ளே போனார்கள். நெத்திலி, வாளை, சுறா என்று மூன்று பொட்டலம் வந்தது. வாடை வராமல் பிளாஸ்டிக் கவரில் போட்டு, மேலே செய்தித்தாள் சுற்றி, அதன் மேல் இன்னொரு கவர். பக்கத்து வீட்டு அக்கா, "பிளேனே நாறப்போவுது" என்றார்கள். "நாறுனா நாறட்டும், சோத்துக்கு வேணும்ல அவனுவளுக்கு" என்றார்கள் அம்மா.

பெட்டியில் ஏற்கெனவே எடை கட்டுக்கு மேல். கருவாட்டைப் பெட்டியில் வைத்தால் பெட்டியில் இருக்கும் புத்தகங்கள் கைப்பைக்கு வர வேண்டும், கைப்பையில் இருந்து ஒரு கிலோ வெளியே போக வேண்டும். வேறு எது ஒரு கிலோ? நம் கேமராவை எடுத்து அம்மா கையில் கொடுத்தேன். "இது அவனும் நானும் வாங்கினது. இங்கயே இருக்கட்டும்மா."

அம்மா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்கள். வளையத்தைத் திருப்பிப் பார்த்தார்கள். கரகரவென்றது. பிறகு ஒரு பழைய வேட்டித் துணியைக் கிழித்துச் சுற்றி, சொம்பை நகர்த்தி, அரிசி டிரம்மைத் திறந்தார்கள்.

"ஈரம் ஆகாதுன்னு சொல்லுவான்" என்றார்கள்.

அந்த லென்ஸ் வளையம் இனி திரும்பவே திரும்பாது. பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். தடுக்கவில்லை.

இன்று காலை என் அம்மாவை எடுத்தேன். கேமராவைப் பார்த்ததும் தலையை வாரிக்கொண்டு வெளியே வந்தவள், "எதிர்வீட்டு கேட்டுகிட்ட நிக்கட்டாடா, புதுசா பெயின்ட் அடிச்சிருக்காங்க" என்றாள். "நம்ம வாசல்லயே நில்லு" என்றேன். "பின்னாடி சுவத்துல கரி தெரியுமே?" "தெரியட்டும்." கொஞ்சம் முகம் சுருங்கித்தான் நின்றாள். அப்படியே வரும். சட்டைப் பையில் ஜெபமாலையைப் போட்டுக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தாள். சட்டைக்குப் பை ஒன்றுதான், அதில் கேமரா. ஜெபமாலை கால்சட்டைப் பைக்குப் போயிற்று, அதற்கும் ஒரு முணுமுணுப்பு.

பயம் போகவில்லை. கை நிமிஷத்துக்கொரு தரம் சட்டைப் பைக்குப் போகிறது. கட்டிலில் யாராவது புதிதாக வந்திருப்பான். பழைய ஆட்கள் கலைந்து போயிருக்கலாம். நான் போய்ச் சேர்வதற்குள் உன் மேல் கட்டில்காரன் லீவில் கிளம்பியிருக்கலாம். அவனை எங்கிருந்தாலும் தேடிப் பிடித்து உட்காரவைக்க வேண்டும். கட்டிலை எனக்கே கொடுத்தால், கொடுக்கட்டும், படுத்துக்கொள்கிறேன். அம்மாவுக்கு அனுப்புவதற்கு முன்னால் ஒரு பிரிண்ட் எனக்கும் போட்டுக்கொள்வேன்.

இந்தப் பையில் இப்போது ரோல்களும் இரண்டு பேட்டரியும்தான். விழுந்த அரிசியை எறியவில்லை. எடுத்து ரோல்களோடு உள்ளே போட்டு ஜிப்பை இழுத்துவிட்டேன். ஒரு அரிசி எவ்வளவு ஈரத்தை இழுக்கும் என்று கேட்காதே. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். ஒன்றும் இழுக்காது.